ஒற்றைப்படை நாளில் விற்பனை, இரட்டைப்படை நாளில் கைது

எங்கள் காவல் நிலையத்தில் ஒற்றைப்படைத் தேதிகளில் போதைப்பொடி விற்கிறோம். இரட்டைப்படைத் தேதிகளில் பொடி வைத்திருப்பவர்களைக் கைது செய்கிறோம். எதனால் பழக்கம் குறைகிறது என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. தேதி காலை ஆறு மணிக்கு மாறும்.

இரண்டுக்கும் ஒரே ஆட்கள்தான். நான் தலைமைக் காவலர் செண்பகவல்லி. விற்கும் நாளில் நீலக் கோட்டு. பிடிக்கும் நாளில் காக்கி. இரண்டையும் ஒரே கொடியில் காயப்போடுகிறேன். முப்பத்தொன்றாம் தேதி முடிந்து ஒன்றாம் தேதி பிறந்தால் தொடர்ந்து இரண்டு நாள் நீலம். அந்த மாதங்களில் காக்கி நன்றாகக் காயும்.

விற்பனைக் கவுண்டருக்கும் லாக்கப்புக்கும் நடுவில் ஒரு வராந்தா இருக்கிறது. முதல் மாதம் அதைப் பதினோரு எட்டில் கடந்துவிடலாம். மூன்றாம் மாதம் அது நீண்டுபோய், வழியில் உட்கார பெஞ்சு போட்டார்கள். இப்போது கைதியைக் கூட்டிப்போகிறவர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறார்கள். யாரும் புகார் சொல்லவில்லை. நடப்பதும் பணிநேரமே என்று சுற்றறிக்கை வந்துவிட்டது.

என் தம்பி பூவநாதன் ஐந்தாம் தேதி கவுண்டருக்கு வந்தான். தீப்பெட்டி ஆபீஸில் மெஷின் பார்த்தவன். முப்பத்தொரு வயது. பழக்கம் இருப்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லித்தான் சண்டை போட்டேன். அவன் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது.

"வாங்க சார்," என்றேன். விற்கும் நாளில் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

"யக்கா."

"படிவம் எடுங்க சார்."

படிவத்தில் முதல் கேள்வி, 'நீங்கள் இருக்கிறீர்களா?' இரண்டாவது, 'இதற்கு முன் இருந்தீர்களா? ஆம் எனில் சான்று இணைக்கவும்.' அவனிடம் சான்று இல்லை. நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறந்த அன்று தூக்கி வைத்திருந்தவள் என்று எழுதினேன். பிறகு எடை பார்த்தேன். ஐம்பத்தெட்டு கிலோ. பொட்டலத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். காகிதத்தில் 'நன்றி, மீண்டும் வராதீர்கள்' என்று அச்சடித்திருந்தது.

மறுநாள் காலை ஆறரைக்கு பஸ் ஸ்டாண்டில் அவனைப் பிடித்தேன். சட்டைப்பையில் பாதிப் பொட்டலம் இருந்தது.

"நேத்து நீதானக்கா குடுத்த."

"நேத்து வேற சட்டம்."

"பொடி அதேதான?"

"ஏல, பேசாம நட."

பிடிக்கும் நாளில் 'ஏல' என்று சொல்லலாம்.

வராந்தாவில் நடந்தோம். நடுவழியில் சாப்பாட்டுப் பொட்டணத்தைப் பிரித்துத் தயிர்சாதம் சாப்பிட்டோம். அவன் கொஞ்சம்தான் சாப்பிட்டான். லாக்கப் வாசலில் மறுபடி எடை பார்த்தேன். ஐம்பத்தேழு. அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு விடுதலை செய்தேன். அவன் அப்படியே திரும்பி நடந்து கவுண்டரில் வந்து வரிசையில் நின்றான்.

இப்படியே போனது.

விற்கும் நாளில் கலப்படம் இல்லை. ஒருவரும் ஓடவில்லை. ஊசி சுத்தமாக இருந்தது. நர்ஸ் ஒருவர் நாடி பார்த்தார். ஆனால் கூட்டம் கூடிக்கொண்டே வந்தது. முன்னால் பழக்கமே இல்லாதவர்கள்கூட வரிசை இருக்கிறதே என்று வந்து நின்றார்கள். பிடிக்கும் நாளில் தெரு சுத்தமாக இருந்தது. எல்லோரும் தண்ணீர்த் தொட்டிகளுக்குள் ஒளிந்திருந்தார்கள். ஓடும்போது ஒருவர் மாடியிலிருந்து விழுந்தார். விழுந்தவரைக் கைது செய்தோம். இரண்டையும் தனித்தனிப் பதிவேட்டில் எழுதினேன். எழுதி எழுதி எனக்கு எந்தப் பதிவேடு எது என்பது மறந்துபோனது. இரண்டுக்கும் ஒரே அட்டை.

எல்லோருக்கும் எடை குறைந்தது. எடை பூஜ்யம் ஆனவர்களின் பெயரை அடித்துவிட வேண்டும் என்பது விதி. அவர்களை வராந்தா ஆணியில் மாட்டி வைத்தோம். சனிக்கிழமைகளில் வீட்டார் வந்து மடித்து எடுத்துப் போனார்கள். ஒரு அம்மாள் மகனை மடிக்கத் தெரியாமல் நெடுநேரம் நின்றாள். நான் ஒரு பக்கம் பிடித்தேன்.

அதற்குப் பிறகு பூவநாதனின் கால்சட்டைப் பையில் கூழாங்கல் போட ஆரம்பித்தேன். முதலில் இரண்டு. பிறகு ஒரு கைப்பிடி, பிறகு பை நிறைய. பதிவேட்டில் அவன் ஐம்பது கிலோவிலேயே நின்றான். கல்லோடு நடக்கப் பழகிக்கொண்டான்.

மதிப்பீட்டு அலுவலர் எட்வின் ஞானராஜ் ஒரு பதினாறாம் தேதி வந்தார். கையில் பலகையும் படிவமும் இருந்தன. கட்டம் கட்டமான படிவம். பூவநாதனையும் என்னையும் எதிரே உட்கார வைத்தார்.

"பதிவேட்டின்படி இவர் ஒருவர்தான் ஐம்பது கிலோவுக்குக் கீழே இறங்கவே இல்லை. ஏன்?"

"கல்லு சார்," என்றான் பூவநாதன். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தான். கடைசிக் கல்லை வைத்ததும் நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழும்பினான். நான் தோளைப் பிடித்து அமுக்கினேன்.

அலுவலருக்குக் கோபம் வரவில்லை. கற்களை எண்ணி எழுதிக்கொண்டார்.

"சரி. இவர் குறைந்தது எந்த நாளில்? விற்ற நாளிலா, பிடித்த நாளிலா?"

"ரெண்டு நாள்லயும் சார்," என்றேன்.

"இரண்டு நாளிலும் என்று கட்டம் இல்லை. நீங்கள் சொல்லுங்கள். எந்த நாள் உங்களுக்குப் பரவாயில்லை?"

பூவநாதன் யோசித்தான்.

"ஒத்த நாள்ல கவுண்டர்ல எங்கக்கா இருக்கா. ரெட்ட நாள்ல லாக்கப்புல எங்கக்கா இருக்கா. ரெண்டு வருசம் இவ என்கூடப் பேசல சார். இப்ப தெனமும் பாக்கேன்."

"அதற்கும் கட்டம் இல்லை," என்றார் அலுவலர்.

அவன் தோளிலிருந்து நான் கையை எடுக்கவில்லை.

அவர் பேனாவை மூடினார். கணக்கெடுப்பை முடிக்க வசதியாக, நாளை தேதி இல்லாத நாள் என்றார். விற்பனையும் இல்லை, கைதும் இல்லை. நிலையம் பூட்டியிருக்கும்.

"அன்னைக்கு இவன் எங்க போவான் சார்?" என்று கேட்டேன்.

"அது இந்த ஆய்வின் வரம்புக்குள் வராது."

பூவநாதனை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். தெருவில் காற்று இருந்தது. கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நீலத்தையும் காக்கியையும் வாளியில் ஊறவைத்தேன். இருந்த ஒரு பழைய சேலையைக் கட்டிக்கொண்டேன். 'சார்' என்றும் 'ஏல' என்றும் அவனைக் கூப்பிட முடியாமல், கையால் கட்டிலைக் காட்டினேன்.

பொடி இல்லாமல் காலையிலேயே அவனுக்கு நடுக்கம் தொடங்கியது. மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் ஊற்றியது. ஊற்றிய தண்ணீர் தரையில் வழிந்து, கட்டிலுக்கு அடியில் குளமாக நின்றது. அதில் கெளுத்திக் குஞ்சுகள் இரண்டு நீந்தின. துடைத்தேன். மறுபடி நின்றது. துடைப்பதை விட்டுவிட்டேன்.

"யக்கா, இன்னைக்கு என்ன தேதி?"

"தேதி இல்ல."

"ஒரு பொட்டலம் குடு."

"இன்னைக்கு விக்கல."

"அப்ப பிடிச்சு உள்ள போடு. அங்க வச்சுப் பூட்டு."

"இன்னைக்குப் பிடிக்கவும் இல்ல பூவா."

"அப்ப நீ எதுக்கு இங்க உக்காந்திருக்க?"

இருபத்திரண்டு வருட சர்வீஸில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. மின்விசிறியைப் போட்டால் அவன் பறந்துவிடுவான். அதனால் புழுக்கத்தில் உட்கார்ந்து, அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் திட்டினான். அம்மாவையும் சேர்த்துத் திட்டினான். என் கையைக் கடித்தான். பிறகு என் மடியில் வாந்தி எடுத்தான். பிறகு தூங்கினான். தூங்கும்போது கட்டிலிலிருந்து எழும்பினான். நானும் கூடவே எழுந்து நின்றேன்.

மறுநாளும் தேதி வரவில்லை. சூரியன் வந்து போனது. தேதி மட்டும் வரவில்லை. பதினொரு தடவை சோறு வடித்தேன். முதல் நான்கு தடவை அவன் தொடவில்லை. ஐந்தாவதில் கஞ்சித்தண்ணி குடித்தான். எட்டாவதில் கையை லேசாக விட்டுப் பார்த்தேன். கட்டிலிலேயே இருந்தான். பயத்தில் மறுபடி பிடித்துக்கொண்டேன்.

பதினொன்றாவது சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது கதவு தட்டினார்கள். எட்வின் ஞானராஜ் நின்றார். முகத்தில் களைப்பு இருந்தது. அவரும் தூங்கியிருக்க மாட்டார்.

"அறிக்கை முடிந்தது," என்றார். "இரண்டு வழிமுறையும் சமமாக வெற்றி. ஐந்து ஆண்டுக்கு நீட்டித்திருக்கிறார்கள். நாளையிலிருந்து தேதி உண்டு."

"என்ன தேதி?"

"ஒன்று. நீங்கள் கவுண்டரில் இருக்க வேண்டும். தேதியைப் பெற்றுக்கொண்டதாக இங்கே ஒரு கையெழுத்து. தெருவில் எல்லோரும் போட்டுவிட்டார்கள். உங்கள் வீடுதான் பாக்கி."

எதிர்வீட்டில் புதுக் காலண்டர் தொங்குவது தெரிந்தது. நான் பேனாவை வாங்கவில்லை.

"செண்பகவல்லி வீட்ல இல்ல சார்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார்.

"தம்பி?"

"அவனும் இல்ல."

"எப்போது வருவீர்கள்?"

"சொல்லிட்டுப் போகல."

அவர் குறித்துக்கொண்டார். வீடு பூட்டியிருந்தால் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அவருடைய விதி. வாசற்படியில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். நான் கதவைச் சாத்தினேன். சிறிது நேரம் கழித்துத் திறந்து ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தேன். சொம்பைப் பார்த்து நன்றி என்றார். என்னைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

உள்ளே பூவநாதன் யாரும் பிடிக்காமலே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தட்டில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்துக் கொடுத்தேன். அவன் அள்ளியதில் பாதி கீழே சிந்தியது. ஒரு வாய் போட்டு மென்றான். மெல்லுவதை நிறுத்தினான். முகம் சுளித்தான்.

"என்னக்கா இது," என்றான். "குழம்புல உப்பே இல்ல."

உப்பு எடுத்துவர எழுந்தேன்.