செப்புக்குடத்துத் தீர்த்தம்

பையைக் கீழே வைப்பதற்கு முன்பே வைதேஹி தொட்டியைப் பார்த்துவிட்டாள். சிவப்புக் கோடு போட்ட இறால் மல்லாந்து கிடந்தது. கல்லின்மேல் சட்டைப் பொத்தான் அளவில் பச்சையும் ஊதாவுமாக விரிந்திருந்த பவளப் பூக்கள் சுருங்கிக் கூழாகிவிட்டிருந்தன. ஆரஞ்சு மீன் மட்டும், எனக்கென்ன வந்தது என்கிற மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு கண்ணாடியண்டை வந்து நின்றது. கூடம் முழுக்க மட்டமான ஒரு அழுகல் வாடை.

தூத்துக்குடியில் கடல் உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்திருந்த பெண்ணை, இந்த வரனை விட்டால் வேறு அமையாது என்று பிடித்துச் சின்னக் காஞ்சிபுரத்தில் கொடுத்துவிட்டார்கள். ஏனாத்தூர் கல்லூரியில் பிள்ளைகளுக்குத் தவளைக் குடலைப் படம் போட்டுக் காட்டும் வேலைதான் மிச்சம். அதனால்தான் இந்தத் தொட்டி. தலையணை நீளம்கூட இராது. மாமல்லபுரத்திலிருந்து கேனில் கடல்நீரைப் பிடித்து, பஸ்ஸில் கண்டக்டரிடம் வசவு வாங்கிக்கொண்டு வந்து நிரப்பினாள். மாதக்கணக்கில் வெறும் கல்லும் தண்ணீருமாக வைத்துப் பழக்கி, அப்புறம்தான் ஒவ்வொரு உயிராக உள்ளே விட்டாள். ஐயங்கார் ஆத்தில் இறால் வளர்க்கிறாள் என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டுமே! அந்த வீட்டில் யாரையும் கேட்காமல் அவள் வைத்துக்கொண்ட ஒரே பொருள் அது.

கல்லூரியில் அனுப்பித் தூத்துக்குடிக்குப் பயிற்சிக்குப் போயிருந்தாள். நேற்று அது முடிகிறபோது, இங்கேயே வேலைக்கு வந்துவிடுகிறீர்களா என்று கேட்டார்கள். காஞ்சியில் எனக்கும் ஒரு கடல் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டு வந்திருந்தாள். பைத்தியக்காரி!

அவள் புருஷன் முரளீதரன் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளேயிருந்து வந்தான்.

"என்னன்னா பண்ணி வெச்சிருக்கேள்?"

"நான் என்ன பண்ணினேன்? நீ சொன்ன மாதிரியே தினம் தீர்த்தம் விட்டேன். தீனி போட்டேன்."

"பொய் சொல்லாதேங்கோ. வேணும்னே கொன்னிருக்கேள். நான் ஊருக்குப் போனது உங்களுக்குப் பொறுக்கலை."

பதினோரு வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தது, ஒரு மூச்சில் வந்து விழுந்துவிட்டது. அவன் பதிலுக்குக் கத்துவான் என்று காத்திருந்தாள். அவனோ துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குழந்தை மாதிரி விழித்தான்.

"பெருமாள் சத்தியமா இல்லடி. வெயில்ல தண்ணி வத்திண்டே இருந்தது. கடையில வாங்கற குடிதண்ணிக் கேனைத்தான் விடணும்னு சொன்னே. அது யார் யார் கை பட்டதோ! வாயில்லா ஜீவனுக்கு அதைப் போய் விடுவானேன்னு, விடியக்காலம்பற தீர்த்தமாடிட்டு, மடியா, ஆராதனத்துக்குச் சேந்தி வைக்கற செப்புக்குடத்துலேர்ந்து விட்டேன். இதுக்கு விட்டப்புறம்தான் பெருமாளுக்கே."

வைதேஹி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தாமிரம்னா... தாமிரம் பட்டா இதுகள் பொழைக்காது. மீன் தாங்கும். மத்ததெல்லாம் துளி பட்டாலும் போயிடும்."

"நாமளே அதுலதானே குடிக்கறோம்? உடம்புக்கு நல்லதுன்னு சொல்றாளே!"

உப்பு, விளக்கு, தீனி என்று எல்லாவற்றையும் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனவள், செப்புக்குடத்தைச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவே இல்லை. ராத்திரி முழுக்கக் குடத்தில் ஊறிய நீரைத்தான் தினமும் விட்டிருக்கிறான். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கென்று ஒரு டம்ளர் காப்பி கலந்து தந்தறியாத மனுஷன்! வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவளுடைய பொருளுக்கென்று மெனக்கெட்டிருக்கிறான், அதுவும் பெருமாளுக்கு மேலாக. அதிலேயே எல்லாம் செத்துப்போயிற்று. வேண்டுமென்றே செய்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டே மறுபடியும் ரயிலேறியிருப்பாள். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திட்டவும் முடியவில்லை, மன்னிக்கவும் வயிறு எரிந்தது.

சாயங்காலம் இறாலையும் கூழாகிப்போனவற்றையும் வழித்துக் கொல்லையில் புதைத்தாள். அவன் கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கிட்டே வரவில்லை. அன்றைக்கு அவனாகத் தட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டான்.

ராத்திரி பரணில் ஏதோ உருண்டது. மறுநாள் காலையில் அவள் தொட்டிமுன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஈரத் தலையோடு முரளீதரன் வந்து நின்றான். இரண்டு கையாலும் ஒரு சின்ன வெள்ளிக்குடத்தைத் தாங்கிக்கொண்டிருந்தான். அவள் கல்யாணத்துச் சீரில் வந்தது. புளி போட்டுத் தேய்த்திருந்தான் போலும், பளபளவென்று இருந்தது.

"இனிமே இதுல விடறேன்டி. உங்க அப்பா குடுத்தது. தாமிரம் கிடையாது, சுத்த வெள்ளி. ராத்திரியே ரொப்பி வெச்சுட்டேன்."

வெள்ளியும் இறாலுக்கும் பவளத்துக்கும் விஷம்தான். அவள் வாயைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். மூக்கு நுனியில் ஒரு சொட்டு நின்றது. துடைத்துக்கொள்ளக்கூடக் கையை எடுக்காமல், குடம் சாயாமல் பிடித்துக்கொண்டு, அவள் சொல்லுக்காக நின்றான்.

அவள் எழுந்து நாற்காலியை ஒரு பக்கமாக இழுத்துப் போட்டாள்.

அவன் குனிந்து, பெருமாளுக்குத் திருமஞ்சனம் செய்கிற நிதானத்தோடு, நூல் பிடித்தாற்போல ஊற்றத் தொடங்கினான். மீன் மேலே வந்து, விழுகிற தண்ணீருக்கு அடியில் வாயைத் திறந்து திறந்து மூடியது.