வேலாங்கரை வம்சாவளி: பதினேழாம் பக்கம்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை, நேற்று மயிலாப்பூர் அச்சகத்திலிருந்து டைப் செய்ய என்னிடம் வந்த ஒரு பழைய வம்சாவளிப் புத்தகத்தால் வந்த வினை. இதில் சிந்து என்று வருபவள் நான்தான். ‘நான்’ என்று மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் அழுகை முட்டியது. அதனால் சிந்து. அவளாவது கொஞ்சம் தைரியமாக இருக்கட்டும்.

2

(தொடக்கம், முதல் முயற்சி.) ஒரு கொடும் பஞ்சத்தில் ஆறு அண்ணன் தம்பிகள் ஒற்றைக் காளையோடு கரிசல் காட்டில் நடந்து வந்தார்கள். காளை படுத்த இடத்தில் ஊருணி வெட்டினார்கள். அதுதான் வேலாங்கரை. மூத்தவர் வீரணன், அடுத்தவர் சுடலை, நான்காமவர் பெயர்—

அது யாருக்கும் தெரியாது. சிந்துவின் அப்பா ஆனந்தகுமார், தி. நகரில் துணிக்கடை நடத்தியவர், அந்த வம்சாவளியைத் தொகுத்தவர், நான்காமவரின் கட்டத்தில் ‘விசாரிக்கவும்’ என்று சிவப்பு மையில் எழுதினார். சந்தேகம் வந்தால் அப்படித்தான் எழுதுவார். எழுதினால் விடமாட்டார். செத்து இருநூறு வருஷம் ஆன ஒரு மனிதரின் பெயருக்காக நாலு ஊருக்கு பஸ் ஏறினார். ஃபோனில் கேட்டால் மரியாதை இல்லையாம்.

3

ஒன்பது வருடத்துக்கு முன் அந்தப் புத்தகத்தை டைப் செய்தவளும் சிந்துதான். பதினேழாம் பக்கம், மூத்தவர் வழியின் கடைசிக் கட்டம்.

“அப்பா, உங்க பேருக்குக் கீழ என்ன போடணும்?”

“சந்ததி இல்லைன்னு போடும்மா.”

“நான் இங்கதானே உக்காந்திருக்கேன்?”

“பொம்பளப் பிள்ளைய பங்காளி வரிசையில சேக்க மாட்டாக. வழக்கம் அப்படி.”

போட்டாள். எழுத்துப்பிழை இல்லாமல் போட்டாள். அந்த மாதமே அடையாற்றில் ஓர் ஒற்றை அறைக்குக் குடிபோனாள். அப்புறம் இருவரும் பேசவில்லை.

(கோபித்துக்கொண்டு போனாள் என்று எழுதி அடித்துவிட்டேன். கோபம் இரண்டு மாதத்தில் தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்தது தனிமை. தீபாவளிக்கு ஓர் ஆளுக்கு எவ்வளவு மாவு பிசைவது என்று தெரியாமல் நிற்கிற தனிமை.)

4

இப்போது ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு இரண்டாம் பதிப்பு. அச்சகக்காரர் மெஹபூப் அலி, அப்பா திருத்திய பழைய புத்தகத்தை நீட்டினார்.

“நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள குடுத்துடும்மா. பெருசு ஃபோன் மேல ஃபோன் போட்டுக்கினே கீறாரு.”

“பாய், நான்தான் டைப் பண்றேன்னு அவருக்குத் தெரியுமா?”

“இன்னாம்மா நீ? உன்கிட்டதான் குடுக்கணும்னு சொன்னதே அவருதான்.”

சிந்து பஸ்ஸில் நின்றபடியே பதினேழாம் பக்கத்தைத் திறந்தாள். ‘சந்ததி இல்லை’ சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில், அப்பாவின் கையெழுத்தில், ஒரே சொல்: விசாரிக்கவும்.

5

மணி நாலரை. முடிவு ஒன்று: சிந்து தன் பெயரை டைப் செய்கிறாள். (அவர் இன்னும் வாய்விட்டுக் கேட்கவில்லையே!) முடிவு இரண்டு: பழைய வரியையே திரும்பப் போடுகிறாள். இதற்கு என் விரல் வராது. முடிவு மூன்று: அவள் தி. நகருக்கு பஸ் ஏறி—

நான்காமவருக்காக நாலு ஊர் அலைந்தவருக்கு அடையாறு எவ்வளவு தூரம்? ஒன்பது வருடமாக எனக்கு ஆற்றாமை அதுதான். இப்போது அழைப்பு மணி அடித்தது என்று எழுதலாம். எழுதினால் நீங்கள் நம்புவீர்கள், நானும் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடுவேன். அடிக்கவில்லை.

அப்பா பெயருக்குக் கீழ்க் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அச்சுக்குப் போக அரை மணி நேரம் இருக்கிறது. விசாரிக்க வேண்டியது அவரா, நானா? நீங்களே சொல்லுங்கள்.

ஆனந்தகுமார் —