பதினேழாம் கேள்விக்குப் பூஜ்யம்

துறைத்தலைவர் விடைத்தாளை மேசையில் விரித்தார். பதினேழாம் கேள்விக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு பூஜ்யம். ஆற அமர, நல்ல வடிவாகப் போட்டிருந்தார்கள். இரண்டு மதிப்பெண் கிடைத்தால், மறுபார்வை கேட்டு எதிரே நின்ற மாணவி தேர்ச்சி. இது மூன்றாவது முறை. இதற்கு மேல் எழுத விடமாட்டார்கள்.

வகுப்பில் அவளைக் 'கரப்பான் அக்கா' என்பார்கள். மற்றவர்களைவிட எட்டு வயது மூத்தவள். பகலில் கல்லூரி, மாலையில் முதுகில் தெளிப்பானைச் சுமந்துகொண்டு ஹோட்டல் சமையலறைகளில் பூச்சிமருந்து அடிக்கிற வேலை. அதனால் 'மருந்துக்குச் சாகாத பூச்சிகள் எப்படி உருவாகின்றன?' என்ற கேள்வியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கண்ணால் கண்டதை எழுதினாள். எந்தப் பூச்சியும் தன்னை மாற்றிக்கொள்வதில்லை. ஆயிரத்தில் நாலு, பிறவியிலேயே மருந்தைத் தாங்கும். மற்றவை செத்தபின் அந்த நாலின் வாரிசுகள்தான் சமையலறையை நிரப்பும்.

"நல்லாத்தான் எழுதியிருக்கம்மா. ஆனா ஆன்சர் கீ-ல 'பழகிக்கொள்ளுதல்'னு இருக்கு. அந்த வார்த்தைக்குத்தான் மார்க்கு. உன் தாள்ல எங்க அது?"

"அது தப்பு சார். அதான் எழுதல."

"கீ போட்டது நான்."

அந்தத் தப்பை எழுதிய நாற்பது பேரும் பாஸ். இதே பாடத்தை மூன்று வகுப்பு எடுத்து அவளுக்குப் புரியவைத்த விரிவுரையாளர் பக்கத்து நாற்காலியில் தலை குனிந்திருந்தாள். விரிவுரையாளரின் வேலை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்கக் கையெழுத்துப் போடவேண்டியவர் துறைத்தலைவர்தான்.

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கரப்பான் வெளியே வந்தது. துறைத்தலைவர் சிரித்தார்.

"போன மாசம் இந்த ரூமுக்கு நீதானே வந்து மருந்து அடிச்ச? இன்னும் குடும்பம் நடத்துது பாரு. உன் மருந்துக்குப் பழகிடுச்சு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

"பழகல சார். மத்ததெல்லாம் செத்துப்போச்சு. இது மிஞ்சினதோட பிள்ளை."

சிரிப்பு நின்றது. ஒரு படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். "மறுபார்வையில திருப்தின்னு கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பு."

அவள் பேனாவை எடுத்தாள். கையெழுத்துக்கான கட்டத்தில், தாள் கிழிகிற அழுத்தத்தில், பதினேழாம் கேள்விக்கான விடையை மறுபடி எழுதத் தொடங்கினாள்.

கரப்பான் விடைத்தாளில் ஏறிப் பூஜ்யத்தின் நடுவே நின்றது. துறைத்தலைவர் செருப்பைக் கழற்றி ஓங்கினார்.

"சார்!"

விரிவுரையாளரின் குரல். ஓங்கிய செருப்புக்குக் கீழே, தாளின் மேல், குரல் கொடுத்தவளின் உள்ளங்கை கவிழ்ந்திருந்தது. விரலிடுக்கில் இரண்டு மீசைகள் அசைந்தன.