பன்னிரண்டு வாரம்

சபையில் மூன்று வாரம் வாசிக்கும் கல்யாண ஓலையில் இரண்டாவதை வாசித்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிவசக்தியிடமிருந்து போன் வந்தது. கல்யாண அறிவிப்பைக் கேட்டுக் கை கொடுத்தவர்களுக்கெல்லாம் சிரித்து ஓய்ந்து, அப்போதுதான் ஜாபெஸ் சாப்பிட உட்கார்ந்திருந்தான். ஏற்காட்டில் தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் அவன்.

"எனக்கு ஹெர்பிஸுன்னு சொல்லிட்டாங்க. சேந்திருந்தா ஒட்டிக்கிற நோவுங்க. மறைக்க மனசு வரலீங்க. நீங்களும் டெஸ்ட் எடுத்துப் பாத்துக்குங்க," என்றாள். அவன் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள்.

கம்ப்யூட்டர் பயிற்சிக்காக எஸ்டேட்டில் சேலத்துக்கு அனுப்பியபோது பழக்கமானவள். இரண்டு நாள் பழக்கம். ஆறு வாரம் ஆகியிருந்தது.

ஏற்காட்டில் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கப் பயமாக இருந்தது. லேபில் இருப்பவர் அதே சபைக்காரர். செவ்வாய்க்கிழமை லீவு சொல்லிவிட்டுச் சேலத்துக்கு இறங்கினான். டாக்டரம்மா நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"புண்ணு, கொப்புளம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"இருந்தா அதுலயே எடுத்துப் பாத்தர்லாம். இப்ப ரத்தந்தான். ஆனா ஆறு வாரத்துல இல்லைன்னு வந்தாலும் நம்ப முடியாது. பன்னண்டு வாரம் முடிஞ்சு மறுபடி வரோணும்."

"அதுக்குள்ள எனக்குக் கல்யாணமுங்க."

இப்போது நிமிர்ந்தார். "அப்ப அந்தப் பொண்ணுக்குத் தெரியோணும்."

இல்லை என்றுதான் தாளில் வந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மூன்று நாள் திரிந்தான். வீட்டில் அம்மா பத்திரிகைகளுக்கு மஞ்சள் உறை போட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் உடம்பு லேசாகும். அடுத்த நிமிஷமே குளிக்கும் இடத்துக்குப் போய்க் கதவைச் சாத்தி, தன் உடம்பைத் தானே தேடிப் பார்ப்பான்.

சனிக்கிழமை, அவன் கட்டிக்கொள்ளப்போகும் அபிஷா ஒண்டிக்கடை பஜாருக்குக் கல்யாண ரவிக்கை வாங்க வந்திருந்தாள். மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர் அவள். பஸ்ஸுக்கு நின்றவளை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னான். பனி இறங்கி எதிர்க்கடை தெரியவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். தாளை நீட்டினான். வாங்கவில்லை.

"நிச்சயத்துக்கு முன்னாடிங்களா, பொறகுங்களா?"

"பொறகு."

"அதத்தான் கேட்டனுங்க. நோவுன்னா ரெண்டு பேரும் சேந்து பாத்திருக்கலாம்."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.

மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. காரணம் எதுவும் சொல்லாமல், நிறுத்திவிடும்படி போதகரிடம் அவளே கேட்டிருக்கிறாள். அதனால் பழி அவள் தலையில் விழுந்தது. பொண்ணுக்கு வேறெங்கோ மனசு என்றார்கள்; உடம்பில் குறை என்றார்கள். ஜாபெஸின் அம்மாவும் அதையே வாசலில் நின்று சொன்னாள். இரண்டு வாரம் அவன் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தான். பிறகு ஒரு நாள் சோற்றில் கை வைத்தபடியே, "தப்பு என்னுதும்மா," என்று முழுவதையும் சொல்லிவிட்டான். அம்மா எழுந்து உள்ளே போனாள். அன்றிலிருந்து அவன் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்தாள். அப்படிப் பரவாது என்று எத்தனை சொல்லியும் கேட்கவில்லை.

அபிஷா வீட்டுக்கும் போனான். அவள் அப்பா மரியஜோசப் கதவைப் பாதி திறந்தார்.

"தப்பு என்னுதுங்க. நான் சபையில எல்லார்த்துகிட்டயும் சொல்லீர்றனுங்க."

"ஒண்ணும் சொல்ல வேண்டாஞ் சாமி. சொன்னா எம்புள்ளைக்கும் ஒட்டிக்கிச்சோன்னு அதுக்கொண்ணு பேசுவாங்க. போயிட்டு வா."

பன்னிரண்டு வாரம் முடிந்ததும் மறுபடி சேலத்துக்கு இறங்கினான். இந்த முறை இருக்கிறது என்று வந்தது.

"உசுருக்கு ஒண்ணும் இல்லீங்க," என்றார் டாக்டரம்மா. "கொப்புளம் வந்தா மாத்திரை போட்டா அடங்கும். ஆனா ஒடம்ப விட்டுப் போவாது. கட்டிக்கப் போறவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"சொல்லிட்டனுங்க."

"என்ன சொன்னாங்க?"

அவன் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். ஏற்காடு பஸ்ஸில் கூட்டம். மலை ஏறும்வரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனான்.