இருபத்து நான்கு குழாய்கள்

அக்காவுக்கு மூக்குக்கண்ணாடியைப் போட்டுவிடுவதா வேண்டாமா என்று டெய்லர் வேலை பார்க்கும் தம்பி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் பேராசிரியை உள்ளே வந்தார். அக்கா வேலை பார்த்த ஆய்வகத்தின் தலைவி. விடிகாலையில் மாரடைப்பில் அக்கா போய்விட்டாள் என்று கேட்டதிலிருந்து அழுதிருப்பார் போல, முகம் வீங்கியிருந்தது. கொஞ்ச நேரம் அக்காவையே பார்த்துவிட்டுத் தம்பியை அடுத்த அறைக்குக் கூப்பிட்டார்.

“கேக்கவே கூச்சமா இருக்கு தம்பி. அந்தப் பட்டியல் உங்ககிட்டதானே இருக்கு?”

இருந்தது. ஒட்டிய உறையில், பீரோவுக்குள். முகப்பருவுக்குக் கொடுக்கிற சாதாரண ஆன்டிபயாடிக் ஒன்று எச்.ஐ.வி. பெருகுவதை எப்படித் தடுக்கிறது என்று அக்கா ஆறு வருடம் மல்லுக்கட்டினாள். “அது கிருமியைக் கொல்றதில்லடா. கிருமி பூந்துக்கிற ரத்த அணுவைத் தூங்க வைக்குது. வீட்டுக்காரி தூங்கிட்டா விருந்தாளிக்கு யார் சோறு போடுவா?” என்பாள்.

இருபத்து நான்கு குழாய்களில் எதில் மருந்து, எதில் வெறும் கரைசல் என்று கிருமியை அளக்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் ஆசை கண்ணை மறைத்துவிடும். அதனால் குழாய்களுக்கு எண் மட்டும் போட்டுவிட்டு, பட்டியலைத் தம்பியிடம் கொடுத்திருந்தாள். “அளந்து கையெழுத்துப் போட்ட தாளைப் பாக்காம யாருக்கும் குடுக்காத. நானே கேட்டாலும் குடுக்காத.”

“இன்னும் அளக்கல தம்பி. நாளைக்குக் காலைல முடிவைச் சொல்ற கூட்டம். பட்டியல் இருந்தா மருந்து போட்டதை மட்டும் முதல்ல பாத்துடுவேன். அவ பேர்ல ஒரு நல்ல சேதி சொல்லணும்.”

“நல்ல சேதிதான் வரும்னு யார் சொன்னா மேடம்?”

கதவருகே நின்ற தம்பியின் மனைவி, கொடுத்துத் தொலையுங்களேன் என்று கண்ணைக் காட்டினாள். அக்கா எழுந்து வந்தா கேட்கப் போகிறாள்? அவள் கேட்க மாட்டாள் என்பதாலேயே அவனுக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

“நாலு மணிக்குத்தான் எடுக்கறோம். அளந்துட்டு வாங்க. லேட்டானா காத்திருக்கோம்.”

“அவளுக்கேத்த தம்பிதான்” என்று சொல்லிவிட்டு அவர் விறுவிறுவென்று போனார்.

அவர் திரும்பி வரும்போது நாலரை. இன்னும் எடுக்கவில்லையே என்று வாசலில் முணுமுணுப்புக் கேட்டது. அவர் நீட்டிய தாளில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்த பிறகே தம்பி உறையைக் கிழித்தான். இருவரும் அக்காவின் இரண்டு பக்கமும் தரையில் உட்கார்ந்தார்கள். அவர் குழாய் எண்ணையும் அதிலிருந்த கிருமியின் அளவையும் வாசித்து, தம்பி பட்டியலைப் பார்த்துச் சொன்னதைப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

“ஒண்ணு. தொண்ணூறு.”

“வெறும் கரைசல்.”

“ரெண்டு. இருபத்தொண்ணு.”

“மருந்து.”

பத்துக் குழாய்கள் முடிந்தன. தம்பிக்குப் புரிந்தது ஒன்றுதான்: சின்ன எண் வரும்போதெல்லாம் அவன் மருந்து என்று சொன்னான். அக்காவை நினைத்துப் பெருமையாக இருந்தது, அழுகையும் வந்தது.

“பதினேழு. எண்பத்தெட்டு.”

“மருந்து.”

பேராசிரியையின் பேனா நின்றது.

“இது ஒண்ணு மட்டும் எப்படியோ...” என்று ஆரம்பித்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, எண்பத்தெட்டுக்குப் பக்கத்தில் மருந்து என்று தெளிவாக எழுதினார்.

“பதினெட்டு” என்றார்.