மஞ்சள் நிறக் கட்டி

டாக்டர் பிரபாகர் மவுசை நகர்த்தினார். திரையில் சில்வியாவின் இதயம் மெல்லத் திரும்பி முதுகைக் காட்டியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் மனசில் என்ன இருக்கிறது என்றே லியோனுக்குச் சரியாகத் தெரிந்ததில்லை. இப்போது இதயத்தையே உள்ளும் புறமுமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்கேன் படங்களை எல்லாம் சேர்த்துக் கம்ப்யூட்டர் இப்படி முழு உருவமாகவே கட்டித் தருமாம். சிவப்புச் சுவரில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது கட்டி.

சில்வியா வெளியே பெஞ்சில் இருந்தாள். உடம்புக்கு என்னவென்று ஆம்பளைகள் உள்ளே போய்க் கேட்பதும், நோயாளி வெளியே காத்திருப்பதும்தான் காரிமங்கலத்தில் அவர்கள் வீட்டு வழக்கம். அவளிடம் சின்ன அடைப்பு, மாத்திரையிலேயே கரைந்துவிடும் என்று சொல்லி தருமபுரிக்குக் கூட்டி வந்திருந்தான். நல்லது செய்வதாகத்தான் நினைத்தான், மடையன்.

“ஆபரேஷனுக்கு முன்னாடி இதுலயே வெட்டிப் பாத்துடுவோம்” என்று டாக்டர் கட்டியை நீக்கிக் காட்டினார். கூடவே சுவரில் பெரிய துண்டு போனது. “உள்ள வரைக்கும் வேர் விட்டிருக்கு, லியோன். முழுசா எடுத்தா இதயம் தாங்காது. கொஞ்சம் விட்டு வெச்சா மறுபடி வளரும். என்ன பண்றதுன்னு அவங்கதான் முடிவு சொல்லணும். இன்னைக்கே அவங்ககிட்ட சொல்லிடுங்க.”

“அந்தப் பக்கமா வெட்டிப் பாருங்க சார்.”

வெட்டினார். அதுவும் சரிவரவில்லை.

“இன்னொரு தரம் சார்.”

ஒரு பொத்தானைத் தட்டியதும் இதயம் பழையபடி முழுசாக வந்து நின்றது. எத்தனை தரம் வெட்டினாலும் அங்கே யாரும் சாகவில்லை. சாயங்காலம் வரை அவரை வெட்டச் சொல்லிக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது லியோனுக்கு.

கதவைத் திறந்துகொண்டு சில்வியா எட்டிப் பார்த்தாள். “ஏங்க, மாத்திரை எழுதிட்டாங்கன்னா வூட்டுக்குக் கிளம்பலாமுங்க. புள்ளைங்க வந்துடும்.” அப்புறம்தான் திரையில் அந்த மஞ்சள் கட்டியைக் கவனித்தாள். “ஐயோ, என்னாங்க இது, இவ்ளோ பெருசா! யாரோடதுங்க?”

டாக்டர் லியோனைப் பார்த்தார். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வாயில் வந்தது வேறு எதுவோ.

“வேற ஒருத்தங்களோடது.”

“பாவம். அவங்களுக்குத் தெரியுங்களா சார்?”

டாக்டர் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

சில்வியா முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சிலுவை போட்டு, கண்ணை மூடி, திரைக்கு எதிரே நின்றபடியே அந்த யாரோ ஒருவருக்காக ஜெபிக்கத் தொடங்கினாள்.