நம்பும்படியான சமையலறை

லண்டனுக்குப் பக்கத்து ஊரான போரம்வுட்டில் முப்பது வருஷமாகக் குடியிருக்கும் கிளெனிஸின் சமையலறையைப் படம்பிடிக்க, உள்ளூர் சினிமா ஸ்டுடியோக்காரர்கள் கேட்டு வந்தார்கள். படத்தின் கதைப்படி, தினம் லண்டனுக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவனின் மனைவி அங்கே நின்று அழ வேண்டுமாம். இயக்குநர் சுற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மன்னிக்கணும் மேடம், நிஜ வீடு மாதிரி இல்லையே. ஜனங்க நம்ப மாட்டாங்க."

"என் வீட்டுக்காரன் எட்டு மணி ரயில்ல போய்த் திரும்பி வராத அன்னைக்கு, இங்க நின்னுதான் தம்பி நான் அழுதேன். அப்ப எல்லாரும் நம்பினாங்க!"

அடுத்த மாதம் ஸ்டுடியோவுக்குள்ளேயே ஒரு சமையலறை கட்டி, மரியாதைக்கு அவளையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். கிளெனிஸ் குழாயைத் திருகினாள். சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

"அழுது முடிச்சா அவ மூஞ்சி கழுவ எங்கய்யா போவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வெளியே நடந்தாள்.